பழவேற்காடு 'பாடு' முறையும் டோபாலஜியும்: மூணு பேர் சேர்ந்தா கணக்கு ஏன் மாறுது?

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது? பழவேற்காட்டின் பாடு மீனவர்கள் இதை ஆளாளுக்குத் தனியா முடிவு பண்றதில்லை. ஊரா, குழுவா சேர்ந்துதான் முடிவு பண்றாங்க. இப்படி ஒரு குழுவின் உறவைக் கணிதத்தில் எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் டோபாலஜி உதவுகிறது.

பாடு முறை என்றால் என்ன?

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை பாரம்பரியமாக இருந்து வருகிறது. இறால் கிடைக்கும் இடங்களைக் குழுக்களுக்கு முறை வைத்து, மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் பாடு. நல்ல இடம் ஒரே குழுவுக்கு நிரந்தரமாகப் போய்விடாது.

கோடு போட்டா போதாதா?

ஒரு சமூகத்தின் உறவுகளை வரைய வழக்கமாக ஆட்களைப் புள்ளியாக வைப்பார்கள். ரெண்டு பேருக்குள் தொடர்பு இருந்தால் ஒரு கோடு. இதுதான் நெட்வொர்க் படம்.

சிக்கல் எங்கே வருது? மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாகப் பேசிக்கொள்கிறது என்றால் படத்தில் ஒரு முக்கோணம் வரும். மூன்று ஊரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அதே முக்கோணம்தான் வரும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லையே!

டோபாலஜி இதைப் பிரித்துக் காட்டுகிறது. மூவரும் சேர்ந்து கூடினால் முக்கோணத்தின் உட்புறத்தையும் நிரப்பிவிடும். ஜோடி ஜோடியாக மட்டும் பேசினால் நடுவில் ஓட்டை இருக்கும். நாலு பேர் கூடினால், உள்ளே நிரம்பிய நான்முகி. இப்படிக் கட்டும் அமைப்புக்கு 'சிம்ப்ளிசியல் காம்ப்ளக்ஸ்' என்று பெயர். அதில் எத்தனை ஓட்டைகள், அவை எவ்வளவு நிலைத்து நிற்கின்றன என்று எண்ணுவதுதான் இந்தக் கணக்கின் முக்கிய வேலை.

சென்னையிலும் நடக்கும் ஆய்வு

தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் அரீஜித் சமால் உள்ளிட்டோர், நெட்வொர்க்குகளில் உள்ள இத்தகைய ஓட்டைகளைக் கணக்கிடும் முறை ஒன்றை 2019-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

அதே 2019-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு பழக்கமோ கருத்தோ பரவுவதை மாதிரி வைத்துப் பார்த்தது. குழுவின் தாக்கம் வலுவாக இருந்தால் அது படிப்படியாக அல்ல, ஒரு எல்லையைத் தாண்டியதும் திடீரெனப் பரவும் என்று காட்டியது. ஜோடி உறவுகளை மட்டும் பார்த்தால் இந்தத் திடீர்ப் பாய்ச்சல் தெரியாது.

ஏரிக்கு இதனால் என்ன?

பாடு உரிமை பாரம்பரியமாக பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கே உரியது. இதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் பாடு குழுவில் இல்லை. முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் பாதிப்பு எல்லாருக்கும்தான்.

கோடு போட்ட படத்தில், வியாபாரி வழியாகவோ ஊர் வழியாகவோ எல்லாரும் இணைந்திருப்பதாகத் தெரியலாம். ஆனா எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்க ஒரு கூட்டம் இருக்கா இல்லையா என்பதை அந்தப் படம் சொல்லாது.

அதனால், இழப்பீடோ மீன்பிடி விதியோ முடிவு செய்வதற்கு முன், யாருக்கு யாரைத் தெரியும் என்ற பட்டியல் மட்டும் போதாது. எந்தக் கூட்டத்தில் யார் யார் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்ற பட்டியலும் வேண்டும். அது கையில் இருந்தால்தான் ஓட்டை எங்கே என்று டோபாலஜி காட்டும். அதை அடைப்பது கணிதத்தின் வேலை இல்லை, விடுபட்டவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களின் வேலை.