மூளைக்காய்ச்சலில் மாறும் உடலசைவுகள்

முழங்காலும் பாதமும்

முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாணை மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டும்போது கால் தானாக உதறுவது, தண்டுவடம் மூளையைக் கேளாமலே நிகழ்த்தும் அனிச்சைச் செயலாகும்; அதை அளவோடு நிறுத்தும் ஆணைகள் மூளையிலிருந்து இறங்குவதால், நோய்த்தொற்றில் அப்பாதை பழுதுபடும்போது உதறல் மிகைப்படுகிறது. உள்ளங்காலின் வெளியோரத்தைக் கீறினால் கீழ்நோக்கி மடங்க வேண்டிய பெருவிரல் அப்போது மேலெழும். நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1896இல் விளக்கிய இக்குறி நடை பயிலாத குழந்தைகளிடம் இயல்பாகவே காணப்படுவதால், பெற்றோர் வீட்டில் சோதித்துப் பார்த்து அஞ்சுவது வீண்.

வயற்கொசுவும் மூளையின் ஆழமும்

மேட்டூர்க் கால்வாய் பாயும் சேலம், நாமக்கல் சமவெளி போன்ற நெல் விளையும் நிலங்களில், தேங்கிய நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றிகளிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் மனிதருக்குக் கடத்துவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இது முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது. இதன் வைரஸ், அசைவுகளைச் சீராக்கும் தலாமஸையும் மூளையின் அடித்தள நரம்புமுடிச்சுகளையும் பெரிதும் தாக்குவதால், முதியோரின் பார்க்கின்சன் நோயில் காணும் உணர்ச்சியற்ற முகமும் கைந்நடுக்கமும் விறைப்பும் பள்ளிச்சிறுவனிடமே தோன்றக்கூடும். சிலருக்குக் கைகால்கள் முறுக்கிக்கொள்ளும். மூளை அழற்சி கண்டவர்களில் 30 விழுக்காட்டினர்வரை இறக்க நேரலாம் என்பதும், பிழைத்தவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நரம்பு அல்லது மனநலக் குறைகள் நிலைக்கலாம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வைரஸை அழிக்கும் மருந்து இதற்கு இல்லை. நோய் மிகுந்த மாவட்டங்களில் 9ஆம் மாதத்திலும் பிறகு 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் போடப்படும் தடுப்பூசியே காப்பு.

ஜன்னி என்று தாமதித்தல்

காய்ச்சலோடு பிதற்றுவதை ஜன்னி என்றும் காத்துக்கருப்பு என்றும் கருதி, மந்திரிப்பதில் ஒரு பகலைக் கழிப்பது பெருங்கேடு. ஏனெனில், பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியும் ஹெர்பிஸ் மூளை அழற்சியும் உரிய மருந்துக்குக் கட்டுப்படுபவை, ஆனால் மணிக்கணக்கில் நேரும் தாமதமும் அவற்றில் இழப்பைக் கூட்டும். கழுத்து விறைத்து முன்னே வளையாமை, மயக்கம், வாயோரமோ ஒரு விரலோ மட்டும் ஓயாது துடிப்பது ஆகிய எதுவும் காய்ச்சலோடு சேர்ந்தால், 108 ஊர்தியை அழைத்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிப்பின்போது இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை, வாயில் கரண்டி நுழைப்பது பல்லையும் தாடையையும் காயப்படுத்தும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துடிப்பு எந்தப் பக்கம் தொடங்கி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கைபேசியில் பதிந்து மருத்துவரிடம் காட்டுவது நோயறிய உதவும்.