‘ஓகே’ அனுப்புவதற்கு முன்

அக்குறணையில் கல்யாணக் காலம் தொடங்கினால் அழைப்பிதழ்ச் சண்டையும் தொடங்கிவிடுகிறது. கார்ட் பெட்டி வந்து இறங்கும். மணமகளின் பெயரில் ‘ஹ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கீறல். மேலே பிஸ்மில்லாவின் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், அதுவும் இடமிருந்து வலமாக. “நீங்க அனுப்பின ஃபைல்தானே ஹாஜியார்” என்பார் அச்சகத்தார். “கண் இல்லையா உங்களுக்கு, காசு தர மாட்டேன்” என்பார் பெண்ணின் வாப்பா. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. யார் கையிலும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்பதுதான் சிக்கல்.

மறுபடி அச்சடிப்பது இப்போது சின்னச் செலவும் அல்ல. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. அப்போது ஏறிய தாள் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

நம் ஊர் அழைப்பிதழுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. ஒரே அட்டையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம், அரபு நான்கும் வருகின்றன. தமிழை இன்னும் பலர் பாமினியில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அல்ல, ஆங்கில விசைகளை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் ‘அக்குறணை’ எம், எஃப், அரைப்புள்ளி என்று தொடங்கும் கிறுக்கலாகிவிடும். எஃப்எம் அபயவில் அடித்த சிங்களத்துக்கும் இதே கதி.

முழுவதும் கிறுக்கலானால் பரவாயில்லை, யாராவது கண்டுபிடிப்பார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிசகுவதுதான் தப்பிவிடுகிறது. பாமினியில் ஜ, ஸ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ஷ பின்சாய்கோட்டில், ஹ எண் ஒன்றுக்குப் பக்கத்தில் உள்ள சாய்ந்த மேற்கோள் குறியில். எழுத்துரு மாற்றும்போதும் வெட்டி ஒட்டும்போதும் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட குறிகள்தான். நம் பெயர்களில் இந்த நான்கு எழுத்தும் இல்லாத பெயர் எத்தனை? இன்னொன்றும் நடக்கலாம். அரபுக்காக வலமிருந்து இடமாக அமைத்த பத்தியில் பாமினித் தமிழையும் ஒட்டினால், ஓரத்தில் நிற்கும் அடைப்புக்குறியை மென்பொருள் திருப்பிப் போடும். பெயரின் முதலில் நின்ற ஜ, ஸ ஆகி மறுமுனைக்குப் போய்விடும்.

ஆகவே முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். பாமினியை விட முடியாது என்றால், பிழை திருத்தி முடிந்த பிறகு கோரல் டிராவில் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’, இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’ கொடுத்து எழுத்துகளை வடிவங்களாக்கி, பிறகு பிடிஎஃப் எடுங்கள். அதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். வடிவமாக்கிய பின் ஒரு புள்ளியைக்கூட விசைப்பலகையால் திருத்த முடியாது. அடோபி மென்பொருள்களில் அரபும் யூனிகோடுத் தமிழும் சரியாகச் சேர்வதற்கு மத்திய கிழக்கு, தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்திருக்க வேண்டும். பிஸ்மில்லாவைத் தட்டச்சு செய்யாமல், ஒரு மௌலவி பார்த்துச் சரி சொன்ன வடிவத்தைப் படமாக வைப்பதே பாதுகாப்பு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டும் ஓரத்துக்கு வெளியே நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணி நீள வேண்டும். ஏ5 அட்டை முழுவதும் படம் வருமானால் குறைந்தது 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ‘டொகியூமன்ட்’ ஆக அனுப்புங்கள். போன் திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சை நான்கு வர்ண மையில் மங்கித்தான் வரும். அதற்கு அச்சகத்தாரைத் திட்டிப் பயனில்லை. சின்ன எழுத்துகள் தனிக் கறுப்பில் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பு, ப்ளேட் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைக் கலங்கடிக்கும். ஹிஜ்ரித் தேதி போடுவோர் யோசியுங்கள்: மாதம் பிறப்பது கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைத் தீர்மானம் வந்த பிறகுதான், கார்டோ அதற்குப் பல வாரம் முன்பே அச்சாகிவிடுகிறது.

கடைக்காரர்களுக்கு ஒன்று. பில் புத்தகத்தில் வற் வீதத்தை அச்சிடாதீர்கள். 2019 டிசம்பரில் 8, 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று வீதம் மாறியிருக்கிறது. வீதத்தைக் கையால் எழுத இடம் விட்டால் போதும்.

இனித்தான் முக்கியமான விஷயம். அச்சேறுவதற்கு முன் தாளில் எடுத்த ப்ரூஃப் ஒன்றைக் கேளுங்கள். திரையில் அல்ல, தாளில். நான்கு மொழிக்கும் அந்தந்த மொழி வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் விரல் வைத்து வாசிக்கட்டும். பஸ் இருக்கையில் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்பதை ‘நாய்மார்’ என்று அச்சிட்டு ஒட்டிய நாடு இது. தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் அரை நிமிட வேலை. வாசித்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, தேதி, பிரதிகளின் எண்ணிக்கை, தாளின் தரம். ஒன்று அச்சகத்தாருக்கு, ஒன்று உங்களுக்கு.

இரவு பதினொரு மணிக்குப் போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் ‘ஓகே’ அனுப்புகிறோமே, அதுவும் சம்மதம்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, மின்வழி வந்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சம்மதத்தைத் தள்ளிவிட முடியாது. திரும்பவும் சொல்கிறேன், தாள் ப்ரூஃபில் கையெழுத்துப் போடும்வரை ‘ஓகே’ அனுப்பாதீர்கள்.

கையெழுத்திட்ட ப்ரூஃபில் சரியாக இருந்தது அச்சில் பிழையானால் அது அச்சகத்தின் பொறுப்பு. பேசிப் பாருங்கள். சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. தொலைபேசி 1977, கண்டியிலும் மாவட்ட அலுவலகம் உண்டு. ஆனால் போனில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கேட்கிறது. கல்யாணம், வலீமா, விருந்தென்று ஓடிவிட்டு ஐந்தாம் மாதம் போய் நிற்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். “சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க” என்று எந்த மேசையிலாவது திருப்பினால், மெல்லச் சிரித்துவிட்டு வெளியே வராதீர்கள். அந்த அதிகாரியின் பதவியையும் தேதியையும் குறித்து, ராஜகிரிய பாஷா மந்திரயவில் உள்ள அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் நோக்கமென்றால் மத்தியஸ்த சபை இன்னும் பொருத்தம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பெரும்பாலும் வார இறுதியில் கூடும். உங்கள் பகுதிச் சபை எங்கே கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அங்கே சட்டத்தரணி வாதாட முடியாது, நீங்களும் அச்சகத்தாரும்தான். இணக்கம் வராவிட்டால், தீர்வு காணப்படவில்லை என்ற சான்றிதழை வாங்காமல் வராதீர்கள். சிறு தொகைப் பிணக்குகளை அது இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது.

எங்கே போனாலும் கையில் நான்கு பொருள் இருக்க வேண்டும்: முற்பணத்துக்கும் மீதிக்குமான பற்றுச்சீட்டு, கையெழுத்திட்ட ப்ரூஃப், பிழையான பிரதியில் இரண்டு, அச்சகத்துக்குக் கொடுத்த அதே ஃபைல், ஒரு எழுத்தும் மாற்றாமல். பெட்டி வந்து இறங்கிய அன்றே அந்தத் தேதியைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, டெலிவரி கொண்டுவந்தவரிடம் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.