வாசலுக்கு வரும் வேட்பாளர் – 6: கை நீட்டிய கீஃபாவர்

டிக்ஸ்வில் நாட்ச் கிராமத்து நள்ளிரவு வாக்குப்பதிவைப் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் அயோவா என்று சொல்லியிருந்தேன். 1952 தேர்தலைப் படிக்க உட்கார்ந்ததும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

அந்த மாநிலத்தின் சிற்றூர்களில் மார்ச் இரண்டாம் செவ்வாய் ஊர்க்கூட்டம் நடக்கும். ஊரார் ஒரே மண்டபத்தில் கூடி, சாலைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று கேள்வி கேட்டு வாக்களிப்பார்கள். கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலுக்கு வேறு நாள் குறித்தால் மண்டபத்துக்கு இன்னொரு முறை விளக்கு வெளிச்சத்துக்கும் கணப்புக்கும் செலவு. எதற்கு அந்த வீண் செலவு என்று 1916-ல் இரண்டையும் ஒரே நாளில் நடத்தினார்கள். 1920-ல் மற்ற மாநிலங்கள் விலகவும் தள்ளிப்போகவும், நாட்டின் முதல் பிரைமரி என்ற இடம் இவர்களுக்கு வந்து சேர்ந்தது. சாலைக் கணக்கைக் கேட்டுப் பழகிய வாய், அதிபர் வேட்பாளரையும் அப்படித்தான் கேட்கும். இந்தத் தொடரை நான் எழுதுவதே அந்தக் கேள்விகளுக்காகத்தான்.

ஆனாலும் வாக்காளர் நேரடியாக அதிபர் வேட்பாளர் பெயருக்கு வாக்களிக்க வழிசெய்த சட்டம் 1949-ல்தான் வந்தது. அதற்கு முதல் சோதனை 1952. அதிபர் ட்ரூமனை எதிர்த்து, அவருடைய கட்சிக்காரரே நின்றார்: டென்னசி செனட்டர் எஸ்டஸ் கீஃபாவர்.

குற்றக் கும்பல்கள் பற்றிய விசாரணையைத் தொலைக்காட்சியில் நடத்தி ஏற்கெனவே பெயர் வாங்கியவர். வீட்டிலிருந்தே அறிக்கை விட்டிருக்கலாம். அவரோ பனியில் இறங்கி நடந்தார். நெடிய உருவம், கண்ணாடி, மெதுவான பேச்சு. கடைக்குள் நுழைவார், கையை நீட்டுவார், தன் பெயரைச் சொல்வார், அதிபர் பதவிக்கு நிற்கிறேன், உதவுங்கள் என்பார். அடுத்த கை. நாய்கள் இழுக்கும் பனிவண்டியிலும் ஏறினார். தலையில் ரக்கூன் தோல் தொப்பி. அதற்கும் ஒரு கதை உண்டு. 1948 செனட் தேர்தலில் மெம்ஃபிஸ் நகரை ஆட்டிவைத்த கிரம்ப் என்ற கட்சித் தலைவர், இவரை ரக்கூன் என்று ஏசி விளம்பரம் கொடுத்தார். கீஃபாவர் அந்தத் தோலையே தொப்பியாக மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜெயித்தார்.

பிரைமரியே வெறும் கண்துடைப்பு என்ற பொருளில் ட்ரூமன் பேசியிருந்தார். மார்ச் 11-ல் கீஃபாவருக்குச் சுமார் 55 சதவீதம், ட்ரூமனுக்கு 44. அந்த மாதம் 29-ம் தேதி, மறுபடி நிற்கப்போவதில்லை என்று ட்ரூமன் அறிவித்தார். தோல்விதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; 1950-லேயே அப்படியொரு முடிவைக் குறித்துவைத்திருந்தார். என்றாலும் ஊர் உலகம் அதை நியூ ஹாம்ப்ஷயரின் கணக்கில்தான் எழுதியது.

கீஃபாவர் அந்த ஆண்டு 15 பிரைமரிகளில் 12-ஐ வென்றார். சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டிலோ தலைவர்கள் அட்லாய் ஸ்டீவன்சனை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை கைகளைக் குலுக்கியவருக்கு இது நேர்ந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இன்னொரு பக்கம், அதே மார்ச் 11-ல் நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் வென்ற ஐசனோவர் ஒரு கையைக்கூடக் குலுக்கவில்லை. நேட்டோ தளபதியாக ஐரோப்பாவில் இருந்தார்.

நேரில் போனால் மரியாதை நிச்சயம் என்றும் இல்லை. 1976-ல் நின்ற மோ யூடல் திரும்பத் திரும்பச் சொன்ன கதை: முடிவெட்டும் கடைக்குள் போய், நான்தான் யூடல், அதிபர் பதவிக்கு நிற்கிறேன் என்றாராம். தெரியும், அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம் என்றாராம் கடைக்காரர். யூடல் அந்தக் கதையை மறைக்காமல் மேடைதோறும் சொன்னதால்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஜான் மெக்கெய்ன் 2000 பிரைமரிக்காக இங்கே 114 கேள்வி-பதில் கூட்டங்கள் நடத்தி, ஜார்ஜ் புஷ்ஷை 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதைவிட, அவர் மறுபடி நின்றபோது 2007 ஆகஸ்டில் இதே மாநிலத்து வுல்ஃப்பரோ ஊரில் நடந்ததுதான் பெரிது. இராக்கில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கூட்டத்தில் எழுந்து, மகன் பெயர் பொறித்த கைவளையத்தை அணிந்துகொள்ளும்படி கேட்டார். மெக்கெய்ன் அணிந்துகொண்டார். மறு ஆண்டு ஒபாமாவுடன் நடந்த முதல் விவாதத்தில் நாடு முழுக்கக் கேட்க அதைப் பற்றிச் சொன்னார். கை எட்டும் தூரத்தில் நின்றதால்தான் அந்தத் தாயால் கொடுக்க முடிந்தது.

அயோவா அடுத்த வாரம் கட்டாயம் வரும். 99 கவுண்டிகளையும் சுற்றிய ரிக் சான்டோரம் 2012-ல் 34 வாக்கில் வென்றதும், அதே 99-ஐ இரண்டு முறை சுற்றிய விவேக் ராமசாமி 2024-ல் நான்காவதாக வந்ததும் அங்கேதான்.