எத்தனையாவது விநாடியில் நின்றது?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால் வருவது புதுவாயல். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை சாலையோரம் ஆலை, கிடங்கு, எடை மேடை என்று நீளும். லாரி எடை பதிகிற கம்ப்யூட்டருக்கும் கிடங்கில் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கும் ஏ.சி. அறை எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை. கத்திரி வெயிலில் அறைக்குள்ளேயே 40 டிகிரி அடிக்கும். இரும்புத் தூளும் சாலைப் புழுதியும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே படிந்து கம்பளித் துணிபோல் அடைத்துக்கொள்ளும். ஃபேன் அலறும், மெஷின் திணறும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பிராசசருக்குப் புதுக் கூலர் வாங்கி வந்து மாட்டுகிறார்கள். பட்டனை அழுத்தினால், அதுவரை எப்படியோ ஓடிக்கொண்டிருந்த மெஷின் இப்போது ஆனே ஆகவில்லை.

“பிராசசர் எரிஞ்சு போச்சு” என்பதுதான் உடனே வரும் பயம். இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர் ஒரு சோதனை நடத்தினார்கள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்த ஹீட் சிங்க்கைக் கழற்றினார்கள். ஏஎம்டியின் ஆத்லான் புகைந்து செத்தது. இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அந்தத் தற்காப்பு இன்றைய பிராசசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. உள்ளே இருக்கும் உணரி சூட்டை அளந்துகொண்டே இருக்கும். பல மாடல்களில் 100 டிகிரியை நெருங்கினால் வேகம் குறையும். அதற்கும் மேலே போனால், பிராசசரே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிடும்.

ஆகவே கூலர் மாட்டிய பிறகு மெஷின் எழவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டனை அழுத்தி எத்தனையாவது விநாடியில் நின்றது? சூடு ஏற நேரம் வேண்டும். ஒரு விநாடிகூட ஓடாத மெஷினில் சூட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை.

உயிரே இல்லை என்றால்

எந்த அசைவும் இல்லை, ஃபேன் கூடத் திரும்பவில்லை என்றால் கோளாறு மின் இணைப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். கேபினெட்டைக் கவிழ்த்து, திருப்பி, கையை உள்ளே விட்டு வேலை செய்திருப்போம். பவர் பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர் கழன்றிருக்கலாம். 24 பின் கனெக்டர் முழுதாக உட்காராமல் இருக்கலாம். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சே அணைந்திருக்கலாம்.

ஃபேன் அரைச் சுற்று துடித்து உடனே நின்றால் அது வேறு சேதி. எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்துகிறது. பெரிய கூலர்களுக்கு மதர்போர்டின் அடியில் ஒரு தாங்கு தகடு வைக்க வேண்டும். அதற்காகப் போர்டையே வெளியே எடுத்தவர்கள், திரும்ப வைக்கும்போது ஒரு ஸ்க்ரூவை அடியில் சிக்க விட்டிருப்பார்கள்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

சர்வீஸ் கடைகளுக்கு அதிகம் வரும் புகார் இது. பிராசசருக்கென்று தனி மின் இணைப்பு உண்டு, 4 அல்லது 8 பின். அது இருப்பது போர்டின் மேல் மூலையில், கூலருக்குப் பக்கத்திலேயே. கூலரை நுழைக்க இடைஞ்சல் என்று கழற்றியவர்கள் மாட்ட மறந்துவிடுகிறார்கள். ஃபேன்கள் எல்லாம் சுற்றும், பிராசசருக்கு மட்டும் சோறு கிடைக்காது.

அடுத்து ரேம். கூலரை அழுத்தும்போது போர்டு வளையும், பக்கத்து ரேம் ஒரு முனையில் கிளம்பிவிடும். ரேம் இரண்டு இருந்தால் இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பார்க்கலாம். டிடிஆர்5 ரேம் உள்ள புது மெஷினாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பயாஸ் அமைப்புகள் அழிந்து முதல் முறை எழும்போது ரேமைச் சோதித்துப் பழக அது சில நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது சாக்கெட். இன்டெல் 2004லிருந்தே டெஸ்க்டாப் பிராசசரின் பின்களைச் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் பிராசசரின் அடியிலேயே 1,331 பின்கள். அலுவலகங்களில் இன்னும் ஓடும் ரைசன்களில் பல இந்த வகைதான். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து பசையாகி இருக்கும். கூலரை நேராகத் தூக்கினால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கழற்றும் முன் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் பேஸ்ட் இளகும். அப்புறம் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி விடுவித்த பிறகுதான் தூக்க வேண்டும்.

இன்டெல் பக்கம் வேறு தொல்லை. கூலரின் நான்கு ஸ்க்ரூவில் ஒன்றை மட்டும் இறுக்கி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் பிராசசர் ஒரு பக்கம் சாய்ந்து அழுந்தும். மறுபக்கத்துத் தொடுமுனைகள் சரியாகப் படாது. ரேமுக்குப் போகும் வழி அங்கே அறுந்தால் திரை இருட்டுதான். எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தி, குறுக்கு மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாலே பல மெஷின்கள் எழுந்துவிடுகின்றன.

சில விநாடி ஓடி நின்றால்

இப்போதுதான் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். செம்பு காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே காற்று நின்றால் எவ்வளவு விலை கொடுத்த கூலரும் வெறும் பாரம்தான். பேஸ்ட்டின் வேலை அந்தக் காற்றை விரட்டுவது மட்டுமே. கூலரின் அடித்தட்டில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே மாட்டுகிறவர்களும் உண்டு.

இன்டெல்லோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள். வெள்ளைக் கால் போர்டின் ஓட்டைக்குள் இறங்கி இரண்டாகப் பிளக்க, கறுப்பு ஊசி நடுவே புகுந்து பூட்டும். மேலிருந்து பார்த்தால் நான்கும் பூட்டியதுபோலவே தெரியும். போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் எந்தக் காலில் கறுப்பு முனை எட்டிப் பார்க்கவில்லை என்பது புரியும்.

எழுந்து வந்து, ‘சிபியு ஃபேன் எரர்’ என்று காட்டிவிட்டு நின்றால் பதற வேண்டாம். ஃபேனின் ஒரு ஒயர் சுற்று எண்ணிக்கையைப் போர்டுக்குச் சொல்கிறது. அதை வேறு ஃபேன் பின்னில் செருகியிருந்தால், கூலர் சுற்றியும் சுற்றாததாகவே போர்டு நினைக்கும். சரியான பின்னுக்கு மாற்றினால் போதும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் மின் இணைப்பைத் துண்டித்து, போர்டை வெளியே எடுத்து உலர்ந்த அட்டைப் பெட்டி மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், டிஸ்ப்ளே கேபிள் தவிர வேறெதுவும் வேண்டாம். மின்சாரம் கொடுத்து, பவர் ஸ்விட்சின் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் அது எழ வேண்டும். எழுந்தால் குற்றம் கேபினெட்டுக்குள்ளோ கழற்றி வைத்த பாகங்களிலோ இருக்கிறது.

மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு கணக்கு பாக்கி. ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி ஏற விடும் கூலரில் 65 வாட் பிராசசர், அறை வெப்பத்தைவிட 26 டிகிரி கூடுதலாக நிற்கும். அறை 30 என்றால் 56. அறை 42 என்றால் 68. காற்றில் ஓடும் எந்தக் கூலரும் அறையைவிடக் குளிர்ச்சி தராது. அதனால் எடை மேடை அறைக்குக் கூலரோடு சேர்த்து, சன்னலுக்கு ஒரு தூசி வலையும் கூரையடியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வாங்குவதே லாபம். கடைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும் என்றாலும், “ஆன் ஆகல” என்று மட்டும் சொல்லாதீர்கள். “ஏழு விநாடி ஓடி நின்னுடுது” என்று சொன்னால் மெக்கானிக் எங்கே கை வைக்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடும். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.