தொலை இணைப்பு மேலாண்மைக் கருவி: திட்டமிடும் முறை

வெவ்வேறு இடங்களில் இருக்கும் பல கணினிகளை ஒரே திரையிலிருந்து திறந்து இயக்க உதவும் மென்பொருள்தான் தொலை இணைப்பு மேலாண்மைக் கருவி. பெங்களூருவின் ஆனேக்கல், எலெக்ட்ரானிக் சிட்டி பகுதிகளில் உள்ள ஐ.டி. அலுவலகங்களில் இது அன்றாடத் தேவை. சர்வர் அமெரிக்காவில் இருக்கும். அதைப் பராமரிப்பவர் இங்கே இரவு ஷிஃப்டில் இருப்பார்.

லினக்ஸ் சர்வர்களுக்கு எஸ்.எஸ்.ஹெச். நெறிமுறை வழியே போர்ட் 22, விண்டோஸுக்கு ஆர்.டி.பி. வழியே 3389 என்பது வழக்கம். பழைய டெல்நெட் நெறிமுறை, கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பியது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்ட பிறகு, 1995இல் டாட்டு இலோனென் எஸ்.எஸ்.ஹெச்.சை எழுதினார். இன்று இத்தகைய கருவியை உருவாக்குபவர் எஸ்.எஸ்.ஹெச்., ஆர்.டி.பி. இரண்டையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச்., ஃப்ரீஆர்.டி.பி. ஆகிய திறமூல நிரல்களே போதும்.

சர்வர்களின் முகவரிப் பட்டியலும் திரை அமைப்பும் சுலபம். ஆசையோடு முதலில் செய்யப்படுவதும் அவைதான். ஆனால் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, கடவுச்சொற்கள் எங்கே, எந்தச் சாவியால் பூட்டப்பட்டு இருக்கும் என்பது. எம்ரிமோட்என்ஜி என்ற திறமூலக் கருவியில் பயனர் தனிக் கடவுச்சொல் அமைக்காவிட்டால், நிரலிலேயே எழுதிவைத்த பொதுச் சாவியால்தான் இணைப்புக் கோப்பிலுள்ள கடவுச்சொற்கள் பூட்டப்பட்டன. நிரலை யாரும் படிக்கலாம் என்பதால் அந்தச் சாவியும் ஊரறிந்தது. கோப்பு கைமாறினால் கடவுச்சொற்களும் போயின. கோப்பை வாசிக்கும் பகுதியிலும் ஆபத்து உண்டு. பிறர் அனுப்பிய கோப்பைத் திறந்தாலே தகவல் கசியக்கூடிய குறை தெரியவந்ததால், மைக்ரோசாஃப்ட் தன் ஆர்.டி.சி.மேன் கருவியை 2020இல் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் அது மீண்டும் வந்தது.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் கருவிக்குச் சென்னை ஸோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு தரும் பாம்360 நல்ல முன்மாதிரி. கடவுச்சொல் மையப் பெட்டகத்தில் இருக்கும். ஊழியர் அதைப் பார்க்காமலே சர்வருக்குள் நுழையலாம். அவர் செய்வது பதிவாகும்.

யார், எப்போது, எந்த சர்வருக்குள் நுழைந்தார் என்ற பதிவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுவது சரியல்ல. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் சொல்கிறது. நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி. கணக்கில் பதிந்து, திரையில் மட்டும் இந்திய நேரமாகக் காட்டினால், இரு நாட்டுப் பதிவுகளை ஒப்பிடும்போது குழப்பம் வராது.