கைப்பழக்கம் மலையேறுமா?

பழைய மிதிவண்டியில் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி அதை மின்மிதிவண்டியாக்குவதற்குத் தேர்ந்த கையொன்றே போதும் என்னும் நம்பிக்கை, கெங்குவார்பட்டியிலிருந்து தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாகத் தேனிக்குச் செல்லும் ஓரளவு சமமான சாலையில் பொய்க்காமல் போகலாம். ஆனால், காட்ரோட்டில் பிரிந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் அது சில கொண்டை ஊசி வளைவுகளுக்குள்ளேயே தடுமாறிவிடும்.

ஆளும் வண்டியும் பேட்டரியும் சேர்ந்து 110 கிலோ என்று கொண்டால், சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்ல, டயரின் உருளல் தடையையும் காற்றின் எதிர்ப்பையும் வெல்வதற்குச் சுமார் 110 வாட் திறன் போதும். அதே வண்டி 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டுமானால் தேவை 330 வாட்டாகிவிடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) மோட்டார் வாகனக் கணக்கிலிருந்து விலக்கு அளிப்பதோ, 250 வாட்டுக்கும் குறைவான 'முப்பது நிமிடத் திறன்', அதாவது மோட்டார் அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன், உள்ள வண்டிக்குத்தான் என்பதால், மிச்சத்தை மிதிப்பவரின் கால்களே ஈடுகட்ட வேண்டும். மலைச்சாலை ஏறும் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். அத்தனை உயரத்துக்கு 110 கிலோவைத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 540 வாட்-மணி ஆற்றல் செலவாகும் என்றிருக்க, 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ளதே 360 வாட்-மணிதான்.

இந்த எண்களைக் கையால் தொட்டு அறிய வழியில்லை. சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த ஹப் மோட்டார், ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய, தான் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாகவே விரயம் செய்கிறது. மேலோட்டைத் தொட்டுப் பார்ப்பவருக்குச் சூடு தெரியும் வேளையில், உள்ளே செம்புக் கம்பிச் சுற்று அதைவிட மிகுதியாகக் கொதித்திருக்கும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதும், ஆக்சில் நழுவாமல் மோட்டாரை இறுக்குவதும் பழகிய கைக்கே வரும் என்போர் கூற்றில் உண்மை உண்டுதான். ஆனால் அந்தத் திறமை ஓடுவதற்கு உதவுமே ஒழிய, நிற்பதற்கு உதவாது.

உண்மையில், கணக்குப் போடுவோரும்கூடப் பெரும்பாலும் ஏற்றத்தோடு நின்றுவிடுகின்றனர் என்பதே கவலைக்குரியது. அதே 6 மீட்டர் சரிவில் வேகம் 25 கி.மீ.க்கு மேல் போகாமல் பிடித்துக்கொண்டே இறங்கும் வண்டியின் பிரேக் கட்டைகள், ஏறத்தாழ 270 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் மோட்டார் உழைக்கும் அளவுக்கு இறக்கத்தில் இரண்டு ஜோடி ரப்பர்த் துண்டுகள் உழைக்கின்றன என்று பொருள். பழைய வண்டிகளில் கம்பியால் இழுபடும் பிரேக், இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பைப் பெருமளவு இழந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலைச்சாலை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேகம் இரட்டிப்பானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மோட்டாரையே பிரேக்காக்கி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் மீளாக்க முறை இதைத் தீர்த்துவிடும் என்று சிலர் கருதுகின்றனர். பல் சக்கரம் கொண்ட சிறிய ஹப் மோட்டார்கள் பெரும்பாலானவற்றில் அது வேலை செய்யாது. வேலை செய்யும் வகையிலும், கொடைக்கானலில் முழுக்க மின்னேற்றிக்கொண்டு இறங்கும் பேட்டரிக்குள் அந்த மின்சாரம் புக இடமே இராது.

ஆகவே, கம்பி பிரேக்கோடு வரும் மிதிவண்டிக்கு மோட்டார் பொருத்தித் தரச் சொல்பவரிடம், முதலில் பிரேக்கை மாற்றுங்கள், இல்லையேல் வேறு கடையைப் பாருங்கள் என்று பட்டறைக்காரர் மறுத்துவிடுவதே முறை.