பழி சுமந்த மோட்டர்

மழையைப் பாடாத புலவர் நம் மொழியில் அரியர். வறண்ட குளத்தையும் வாடிய பயிரையும் கண்டவர்க்கு மழை அமுதமே. ஆயினும், கரவனெல்லப் பகுதியில் வாழும் எங்களுக்கு மழை விருந்தாளியன்று, வீட்டுக்காரன். வைகாசியில் தென்மேற் பருவக்காற்று எழுந்துவிட்டால் புரட்டாதி வரையில் றப்பர் மரங்களினின்றும் நீர் சொட்டுவது ஓயாது. களனி கங்கை செம்மண் நிறங்கொண்டு பெருகும். மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் தெருக்கள் ஓடைகளாக மாறும். இத்தகைய இடத்திலே கார் வைத்திருப்பவனுக்கு, தடைக்கட்டைக்கு அடுத்தபடியாக இன்றியமையாத உறுப்பு யாது? முன்கண்ணாடியைத் துடைக்கும் அந்த இரண்டு மெலிந்த கைகளே. கராஜ்காரர் வாயில் அவை 'வைப்பர்'.

என்னிடம் இருப்பது 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. தோட்டக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த என் தந்தையார் பழையதாக வாங்கியது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து, 1948 இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான இவ்வினக் கார், 1971 வரையில் ஏறத்தாழ 16 இலட்சம் செய்யப்பட்டது. இலங்கையில் 1960களிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்படவே, இருந்த கார்களை உயிரோடு வைத்திருப்பதே நம்மவர் தொழிலாயிற்று. அத்தொழில் எவ்வளவு தேர்ச்சி பெற்றதென்றால், இங்கிலாந்தின் பாத் நகரிலே மைனர் கார்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவரின் முயற்சியால், 1990களில் அக்காரின் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன.

கண்ணாடி துடைக்கும் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அன்டர்சன் என்ற பெண்மணி, பனிக்காலத்தில் நியூயோர்க் நகரத் திராம் வண்டியொன்றின் சாரதி வழியைக் காணப் படும் அல்லலைக் கண்டார். உள்ளிருந்தபடியே கைப்பிடியால் இயக்கக்கூடிய துடைப்பானை ஆக்கி, 1903 இல் அதற்கு உரிமம் பெற்றார். பின்னர் இயந்திரத்தின் உறிஞ்சு விசையால் இயங்கும் துடைப்பான்கள் வந்தன. அவற்றின் குணம் வேடிக்கையானது. மேட்டில் ஏறும்போது சாரதி விசையை அழுத்துவான், உறிஞ்சு விசை குறையும், துடைப்பான் நின்றுவிடும். கினிகத்தேனை ஏற்றத்தில் அடைமழையிலே அத்தகைய காரைச் செலுத்துவதை நினைத்துப் பாருங்கள்! மின்மோட்டர் பொருத்திய துடைப்பான் அந்தக் குறையைத் தீர்த்தது. என் மைனரில் இருப்பது அவ்வகையே.

அந்த மோட்டர்தான் 2022 ஆம் ஆண்டு வைகாசி மாதம் தளரத் தொடங்கிற்று. நிமிடத்துக்கு 45 முறை அளவில் ஆடவேண்டிய கைகள் முப்பதுக்கு இறங்கின. கால் மணி நேரம் மழையில் ஓடினால் இருபதும் இல்லை. மோட்டரைத் தொட்டால் கை சுட்டது. நான் காட்டிய இடத்திலே ஒருவர் பொனற்றைத் திறந்து, தொட்டுப் பார்த்து, "மோட்டர் முடிஞ்சுது, வேறொன்று தேடுங்க" என்று சொல்லிப் பொனற்றை மூடினார். நாடு பெற்றோலுக்கும் மருந்துக்கும் தவித்த காலம் அது. அறுபதாண்டுப் பழைய மோட்டரை எங்கே தேடுவது? கிடைத்தாலும் ஓய்வூதியக்காரன் கையில் காசு ஏது? பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆனி மாதத்து இரவொன்றில் பத்து மணியளவில் லயத்திலிருந்து ஒரு தொழிலாளி ஓடி வந்தார். "மாஸ்டர், புள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்திருச்சுங்க. தோட்டத்து லொறியில எண்ணெய் இல்ல. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். என் காரில் நாலைந்து லீற்றர் பெற்றோல் இருந்தது. தாயையும் நான்கு வயதுக் குழந்தையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். இரண்டு மைல் போவதற்குள் துடைப்பான் கண்ணாடியின் நடுவிலே நின்றது. எரிந்த அரக்கு வாடை வீசவே, ஆளியை மூடினேன். கண்ணாடிக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. வலப்பக்கச் சாளரத்துக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினேன். வளைவு வந்த இடங்களிலெல்லாம் அந்தத் தந்தை இறங்கி, டோர்ச் வெளிச்சத்தைத் தெருவின் விளிம்பிலே பிடித்தவாறு முன்னால் நடந்தார். கால் மணி நேர வழிக்கு முக்கால் மணி நேரம் சென்றது. வைத்தியர் குழந்தையை வாங்கிக்கொண்டு, வலிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியதென்று கேட்டார். தந்தை சொன்னார். வைத்தியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குழந்தை பிழைத்தது. மறுவாரம் நான் ருவன்வெல்லப் பக்கமாக உள்ள வயது முதிர்ந்த சிங்களப் பாஸ் ஒருவரிடம் போனேன். "மோட்டர் முடிந்துவிட்டது" என்று தொடங்கினேன். அவர் சிரித்தார். "மாத்தயா, அது நாம கடைசியில சொல்ல வேண்டிய வார்த்தை. முதல்ல சொன்னா வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

அவர் வரிசையாகப் போனார். தடைவிளக்கும் திருப்ப விளக்கும் எரிகின்றனவா என்று முதலில் பார்த்தார். இவை எரிந்தன, துடைப்பானுக்கும் அதே பியூஸ் ஆதலால், பியூஸ் குற்றமற்றதாயிற்று. அடுத்து, மோட்டரின் புவித்தொடுப்புக் கம்பியைக் கழற்றி முனையிலிருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டிப் பூட்டினார். சிறிது முன்னேற்றம், போதவில்லை. மூன்றாவதாக, மோட்டரையும் துடைக்கும் கைகளையும் இணைக்கும் பற்கம்பியைப் பிரித்துவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிட்டார். நான் முடிந்துபோனதாக நம்பிய மோட்டர் வண்டு போல் ரீங்கரித்து ஓடிற்று!

பின்பு, மீன் நிறுக்கும் சிறிய வில்தராசொன்றைப் பற்கம்பியின் முனையில் மாட்டி இழுத்தார். அக்கம்பி தன் குழாய்க்குள் அசைவதற்கு ஆறு இறாத்தல், அதாவது 2.7 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டியிருக்கலாகாது என்பது உற்பத்தியாளர் விதித்த அளவு. தராசின் முள் ஐந்து கிலோவைத் தாண்டியும் கம்பி அசையவில்லை. கைகளின் அடியிலுள்ள பற்சில்லுப் பெட்டிகளைத் திறந்தபோது காரணம் வெளிப்பட்டது. பல்லாண்டுக் கிறீஸ் மெழுகாக இறுகியிருந்தது. அச்சாணியைச் சுற்றியிருந்த சிறு றப்பர் வளையம் வெடித்து, அவ்வழியே மழைநீர் இறங்கித் துரு பிடித்திருந்தது. றப்பர் விளையும் மண்ணிலே ஒரு றப்பர் வளையம் இல்லாமல் போன குறை!

மோட்டர் ஏன் சுட்டது? அதையும் பாஸ் தம் வழியில் விளக்கினார். பாடப்புத்தகமும் அதையே சொல்லும். மோட்டரின் சுழலி சுற்றும்போது, தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்துக்கு எதிரான அழுத்தமொன்றைத் தானே பிறப்பிக்கிறது. அதுவே மின்னோட்டத்தை அளவோடு வைக்கும் கடிவாளம். சுமை கூடிச் சுழற்சி தளர்ந்தால் கடிவாளம் தளர்கிறது, மின்னோட்டம் பெருகுகிறது, சுருள் கொதிக்கிறது. ஆகவே, சூடு மோட்டரின் நோயன்று. பிறர் சுமையைத் தாங்க முயன்றதன் அடையாளம். புது மோட்டர் பூட்டியிருந்தால் அதுவும் சில மாதங்களில் இதே பழியைச் சுமந்திருக்கும்.

மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் இட்டு, வளையம் மாற்றி, மோட்டரின் கரித்துண்டுகளையும் துடைத்துப் பூட்ட மூன்று மணி நேரமே ஆயிற்று. மறுபடி தராசைப் பிடித்தபோது முள் இரண்டு கிலோவை எட்டவில்லை. செலவு, நான் பயந்ததில் பத்திலொரு பங்குகூட இல்லை. ஆனால் என்னை வருத்தியது காசுக் கணக்கன்று. வைகாசியிலேயே இந்த மூன்று மணி நேரத்தைச் செலவிட்டிருந்தால், அந்தத் தந்தை மழையிலே டோர்ச் பிடித்து நடந்திருக்க வேண்டியதில்லை. பிழையான தீர்ப்பு வேலையைத் தள்ளிப்போடச் செய்தது. தள்ளிப்போட்டது ஓர் உயிரை விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. அந்தத் தீர்ப்பைச் சொன்னவர் ஒருவர்; கேள்வி கேளாமல் ஏற்றுக்கொண்டவன் நான்.

ஆசிரியனாக இருந்தவனுக்கு இது புதுப்பாடமாக இருந்திருக்கக் கூடாது. நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, அதன்பின் தீர்வை நாடு என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசையை எத்தனை ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருப்பேன்! அதே வகுப்பில், கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மாணவன் ஒருவனை 'மந்தம்' என்று பதிவேட்டில் குறித்தவனும் நானே. ஈராண்டின் பின்பு யாரோ மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் அவன் எழுதினான். நின்றுபோனதன் மேல் பழி போடுவது எளிது. அது எதனால் நின்றது என்று பின்னோக்கி நடப்பதற்கே பொறுமை வேண்டும்.

அந்தப் பழைய மோட்டர் இன்றும் என் காரில் ஓடுகிறது. அன்று பின்னிருக்கையில் கிடந்த சிறுமி இப்பொழுது பள்ளிக்கூடம் போகிறாள். மழை கடுக்கும் நாட்களில் தோட்டத்துப் பிள்ளைகளோடு அவளையும் ஏற்றிச் செல்வேன். முன்னால் அமர்ந்து, துடைக்கும் கைகள் ஆடுவதை அவள் எண்ணிக்கொண்டே வருவாள். என் கைக்கடிகாரம் அவள் மடியில் இருக்கும். எண்ணிக்கை நாற்பதுக்குக் குறையும் நாளில் எனக்குச் சொல்லவேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.